பக்கம் நூற்று நாற்பத்து மூன்று

அத்தியாயம் 17

அழைப்பிதழ் முந்நூறு அடித்தாகிவிட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள். மேலே பிள்ளையார் சுழி. "எங்கள் செல்வப் புதல்வி ஸ்வர்ணலதாவின் முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வுக்குச் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" என்று கல்யாணப் பத்திரிகை போலவே நீண்டது. அடியில் நல்லசிவம், சுந்தரவல்லி என்று இரண்டு பெயர்கள்.

பல்கலைக்கழகம் ஒரே ஒரு தாளில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அது போதாது என்று நல்லசிவம் நினைத்தார். தி. நகரில் முப்பது வருடமாக ஜவுளிக்கடை நடத்துகிறவர். எந்த விசேஷமானாலும் பத்திரிகை வைத்து, வேன் பிடித்து, சாப்பாடு போட்டுத்தான் பழக்கம். கடையில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு பெண்களுக்கும் கிளிப்பச்சைப் புடவை கொடுத்தார். இரண்டு வேன் சொன்னார். மகள் எழுதிய ஆய்வேட்டை மட்டும் படிக்கவில்லை.

"சென்னை ஜவுளிக்கடைகளில் ஏவல் மொழி" என்பது அதன் தலைப்பு. கடை முதலாளிகள் விற்பனைப் பெண்களை எந்தெந்தச் சொல்லால் விரட்டுகிறார்கள் என்பது விஷயம். தேர்வு நாளை காலை பத்து மணிக்கு. திட்டியவர்களும் திட்டு வாங்கியவர்களும் ஒரே கூடத்தில் உட்காரப் போகிறார்கள்.

இந்த நேரத்தில்தான் வெளித்தேர்வாளரின் அறிக்கை வந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் கஸ்தூரிரங்கன் போனில் ஒரு வரி அனுப்பினார். "காலம்பற ஏழு மணிக்கு ஆத்துக்கு வா."

போன வார அத்தியாயத்தின் கடைசியில் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஸ்வர்ணலதா, இன்று ஆறே முக்காலுக்கே மயிலாப்பூரில் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

*

"இது தீசிஸா, தெருக்குழாய்ச் சண்டையா?"

கஸ்தூரிரங்கன் உட்காரச் சொல்லவில்லை. மேஜையில் ஆய்வேடு திறந்து கிடந்தது. பக்கங்களில் பென்சில் வட்டங்கள். ஐந்து வருடத்தில் நான்காம் இயலை அவர் நேற்றுத்தான் முதல் முறையாகப் படித்திருந்தார். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அறுபத்தோரு இடம். எண்ணியிருக்கார் எக்ஸாமினர். அறுபத்தோரு இடத்துல வசவு முழுசா இருக்காம். 'ஆய்வுக்குரிய கண்ணியம் பேணப்படவில்லை.' இதைப் படிச்சுட்டு எனக்குக் காது சுட்டுடுத்து."

"கடையில அப்படித்தான் சார் பேசறாங்க."

"பேசட்டுமே. நீ முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளி வை. புரியறவாளுக்குப் புரியும்."

"புள்ளி வெச்சா யாருக்கு மரியாதை சார்? சொன்னவங்களுக்கா, வாங்கினவங்களுக்கா?"

அவர் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டி, ஒரு சொல்லைப் பென்சில் நுனியால் தொட்டார். வாயால் சொல்லவில்லை.

"இதை நாளைக்குப் பொம்மனாட்டிகள் நடுவுல நின்னுண்டு வாய் விட்டுப் படிப்பியா?"

"நீங்க இப்ப படிங்க சார். ஒரு தடவை."

"நான் எதுக்குப் படிக்கணும்?"

"கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரிய வேணாமா?"

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி ஜானு பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அவர் உள்ளங்கையால் மூடினார்.

"கையை எடுங்கோ. அறுபத்தஞ்சு வயசாச்சு. எனக்குத் தெரியாத வசவா?" என்றாள் ஜானு. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு டம்ளர்தான்.

"உங்க தெருவுல யாரும் திட்டிக்கிறதே இல்லையா சார்?"

"திட்டிப்போம். தீசிஸ் போட மாட்டோம்."

அவளுக்கு மூக்கு விடைத்தது. "டாக்டர் புண்ணைப் பத்தி எழுதினா 'பு' போட்டுப் புள்ளி வைப்பாரா? இந்தச் சொல்தான் என் தரவு. அதை எடுத்தா மிச்சம் என்ன இருக்கு? அட்டையும் நன்றியுரையும்தான்."

"பேசு, பேசு." அவர் ஒரு வாய் காப்பி குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால்தான் பயப்பட வேண்டும். "மேற்கோள் குறிக்குள்ள இருக்கிறது அவா பேசினது. ஒத்துக்கறேன். நாலாம் இயல்ல ஒரு உட்பிரிவுக்குத் தலைப்பா அதே வார்த்தையைப் பெரிய எழுத்துல வெச்சிருக்கியே, அது யார் பேசினது? நீதானே? எதுக்கு வெச்சே? தரவுக்கா? படிக்கறவன் திடுக்கிடணும்னா?"

திடுக்கிட வேண்டும் என்றுதான் ஸ்வர்ணலதா அதை வைத்திருந்தாள்.

"அப்புறம் நாலாவது கேள்வின்னு ஒண்ணு கேட்டிருக்கார். இந்தச் சொல்லு தென் ஜில்லாவுல பெண்கள் வாயில வர்றது, இதைச் சொன்னது ஆண் உரிமையாளர்னு ஆய்வாளர் எழுதியிருக்கார், அது எப்படின்னு. என்ன சொல்லப் போறே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் சொல்றேன் கேளு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள புள்ளி வெச்சு அனுப்பு. சொல்லே இல்லைன்னா அதைப் பத்திக் கேள்வி எங்கே இருக்கு? இல்லைன்னா திருத்தச் சான்றுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்க அப்பா வேன் வந்து வெறுமன திரும்பிப் போகும்."

"புள்ளி வைக்க மாட்டேன் சார்."

"ஆறு மணி" என்றார் அவர்.

*

கடை உஸ்மான் ரோட்டிலிருந்து திரும்பும் சந்தில் இருந்தது. மூன்று மாடி. "சுந்தரவல்லி டெக்ஸ்டைல்ஸ்" என்று மனைவி பெயரில் பலகை. அடுக்களையில் இருந்தவளின் பெயரைப் பலகையில் போட்ட பிறகுதான் வியாபாரம் பிடித்தது என்று நல்லசிவம் எல்லாரிடமும் சொல்வார். ஐந்து வருடத்தில் சுந்தரவல்லியும் கடைக்கு வந்துவிட்டாள். பட்டு செக்‌ஷன் முழுக்க அவள் ராஜ்ஜியம்.

கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்கு முன்னால் ஆய்வேட்டின் இன்னொரு பிரதி இருந்தது. அட்டையில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். காலையில் மகள் அறையிலிருந்து எடுத்துவந்து நல்லசிவம்தான் பூஜையில் வைத்திருந்தார்.

வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். நன்றியுரையில் தன் பெயர் எங்கே வருகிறது என்று பார்க்கத் திறந்தார். பெயர் வந்தது. அதற்குப் பிறகும் புரட்டிக்கொண்டே போனார்.

மத்தியானம் ஸ்வர்ணலதா உள்ளே நுழைந்தபோது விற்பனைப் பெண்கள் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு வாங்கிப் போட்ட ஸ்டூல்கள் வரிசையாகக் காலியாக இருந்தன. அவற்றில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. பட்டு செக்‌ஷனில் புடவை காட்டும் பொன்மணி நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"மேல வா" என்றார் அப்பா.

மூன்றாம் மாடியில் சரக்கு அறை. பிரிக்காத மூட்டைகள். ஆய்வேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். குங்குமம் அவர் சட்டையில் ஒட்டியிருந்தது.

"ஏட்டி, கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"உரிமையாளர் ஒண்ணு. ஆண். வயசு அறுபதுக்கு மேல. சொந்த ஊர் தென் மாவட்டம்." விரலை வைத்துப் படித்தார். "இந்தச் சந்துல இப்படி வேற எவன்ட்டி இருக்கான்? பேரைப் போடலன்னா தெரியாதா? ஜவுளிச் சங்கத்து ஆளுக அம்புட்டு பேருக்கும் பத்திரிகை வச்சிருக்கேன்."

"நாலு கடையில எடுத்த தரவுப்பா. எல்லாத்தையும் சேர்த்துத்தான்..."

"சும்மா இரு. எண்பத்தேழாம் பக்கம், சனியன். நான்தான். ஒத்துக்கிடுதேன். தொண்ணூத்திரண்டு, மூதி. அதும் நான்தான். எங்க அப்பா என்னை அதுக்கு மேல வஞ்சிருக்காரு. நூத்திப் பத்து, இந்தா இருக்கே இது, கோவத்துல ஒருநாள் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. அதை எழுதினியா?"

"சாப்பிடாதது தரவு இல்லப்பா."

"வாயைப் பாரு." பக்கத்தைப் புரட்டினார். "நூத்தி நாப்பத்தி மூணு. அறுதலி. இது நான் இல்ல."

அவள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அறுதலின்னு ஆம்பள எவனும் வைய மாட்டான். எங்க ஊருப் பொம்பளைக குழாயடியில வையுத வார்த்தை. இதை என் தலையில எதுக்குட்டி கட்டின?"

தாலி அறுத்தவள் என்று அதற்குப் பொருள். சென்னையில் அந்தச் சொல் புழங்குவதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டையோடு வந்த சொல்.

கதவு திறந்தது. சுந்தரவல்லி நின்றாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தட்டாமல்தான் திறந்தாள். அவள் பெயரில் உள்ள கடை.

"அவட்ட எதுக்குக் கேக்கீரு? நான்தான் சொன்னேன்."

நல்லசிவம் மனைவியைப் பார்த்தார். "எவளை?"

"பொன்மணியை."

பொன்மணியின் புருஷன் கடலுக்குப் போய்ப் பிணமாகத் திரும்பி நான்கு வருடம் ஆகிறது. அவன் இறந்த மூன்றாம் மாதம் அவள் இந்தக் கடையில் சேர்ந்தாள். எல்லாருக்கும் தெரியும்.

"என்ன பாக்கீரு? முகூர்த்தப் பட்டு எடுக்க வந்திருக்காக. கல்யாணப் பொண்ணு நிக்கா, ஆத்தா நிக்கா, மாமியாக்காரி நிக்கா. இவ போயி அந்தக் கூறைப் புடவையைத் தன் தோள்ல போட்டுக் காட்டுதா. வெறுங் கழுத்தோட. அந்த மாமியாக்காரி மூஞ்சி போன போக்கை நீரு பாக்கல. நான் பாத்தேன். புடவையைப் புடுங்கினேன். வாயில வந்துட்டு."

"எல்லார் முன்னாலயும்" என்றாள் ஸ்வர்ணலதா.

"எல்லார் முன்னாலயும்தான். ஏவாரம் எல்லார் முன்னாலயும்தான நடக்கு?"

"தோள்ல போட்டுக் காட்டச் சொன்னது யாரும்மா? கடையில அதுதானே வேலை?"

"நூலு புடவையைக் காட்டட்டும். பாலியஸ்டர் புடவையைக் காட்டட்டும். கூறைப் புடவையை எவளாவது காட்டுவாளா? அவளுக்கே தெரிய வேண்டாமா?"

நல்லசிவம் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "சரி, நீ வஞ்ச. நான் எதுக்குட்டி உரிமையாளர் ஒண்ணு?"

இரண்டு பேரும் மகளைப் பார்த்தார்கள்.

ஒலிப்பதிவில் பொன்மணி "அம்மா சொன்னாங்க" என்றுதான் சொல்லியிருந்தாள். ஸ்வர்ணலதா அதைத் தட்டச்சு செய்தபோது ஒரே ஒரு மாற்றம் செய்தாள். "அம்மா" என்பது "உரிமையாளர் (ஆண்)" ஆனது. அடையாளத்தை மறைப்பதற்காக என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்பாவின் கணக்கில் ஏற்கெனவே நிறைய வசவு இருந்தது. இன்னொன்று சேர்ந்தால் தெரியாது என்று நினைத்தாள். பிறகு அந்த ஒரு வரியை வைத்து, ஆண் முதலாளிகள் விதவையை எப்படிப் பேசுகிறார்கள் என்று பதினான்கு பக்கம் எழுதினாள். அந்தப் பதினான்கு பக்கத்தைத்தான் இன்னொரு வெளித்தேர்வாளர் மிகவும் பாராட்டியிருந்தார்.

"உங்களைக் காப்பாத்தத்தாம்மா."

"என்னையக் காப்பாத்த அப்பனைக் காட்டிக் குடுத்தியாக்கும்?"

"நான் இளிச்சவாயன்லா" என்றார் நல்லசிவம்.

"என் வாய் இல்லாட்டி உனக்கு ஏதுட்டி பட்டம்?" சுந்தரவல்லி ஆய்வேட்டைப் பிடுங்கி மூட்டையின் மேல் போட்டாள். கதம்பம் உதிர்ந்தது. "இவ்வளவு பெரிய பொஸ்தகம் என் வாயிலயும் அவரு வாயிலயும் இருந்துதான வந்திருக்கு? சோத்தையும் போட்டு, வசவையும் குடுத்திருக்கோம். முகப்புல எங்க ரெண்டு பேரையும் போட்டிருக்கணும்."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிரு" என்றார் அப்பா.

"கிழிக்க முடியாதுப்பா."

"கிழிக்க வேண்டாம். அவ வாயை நான் அடைச்சிட்டேன்" என்றாள் சுந்தரவல்லி. "நீரு கல்லாவுல விரிச்சு வச்ச பொஸ்தகத்துல அதைப் பாத்ததுமே, பதினோரு மணிக்கே பொன்மணியைக் கெளம்பச் சொல்லிட்டேன். வேன்ல வர வேண்டாம், நாளையில இருந்து கடைக்கும் வர வேண்டாம், குடுத்த பச்சைப் புடவையைச் சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து குடுத்துரணும்னு."

"அம்மா, அவங்க பேர் இதுல எங்கயும் இல்ல! தகவலாளி ஒன்பதுன்னுதான் போட்டிருக்கேன். அவங்கதான் சொன்னாங்கன்னு எப்படி..."

சுந்தரவல்லி மகளை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அந்த வார்த்தையை இந்த முப்பது வருசத்துல ஒருத்தியைத்தான சொன்னேன்?"

*

சரக்கு அறையிலேயே மூட்டை மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஸ்வர்ணலதா புள்ளி வைத்தாள்.

அறுபத்தோரு இடம். முதல் எழுத்து, பிறகு மூன்று புள்ளி. உட்பிரிவுத் தலைப்பையும் மாற்றினாள். சொல் போனதும் நாலாவது கேள்வியும் போனது. யார் சொன்னது என்று இனி யாரும் கேட்கப் போவதில்லை. காலையில் எதை மாட்டேன் என்று சொன்னாளோ அது இப்போது எவ்வளவு வசதி என்று தெரிந்தது. ஒன்றரை மணி நேர வேலை. நாலரைக்கு அனுப்பினாள்.

நாலு முப்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. ஒரே சொல்.

"சமத்து."

அவள் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆட்டோக்காரரிடம் நொச்சிக்குப்பம் என்றாள்.

*

சாலையோர மீன் கடைகளில் கூட்டம் தொடங்கியிருந்தது. பொன்மணி தன் நாத்தனார் தங்கத்தின் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நைட்டி மேல் துண்டு. கடையில் எப்போதும் புடவையில் பார்த்துப் பழகியதால் ஸ்வர்ணலதாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"பொன்மணிக்கா."

பொன்மணி நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"யாருடி இது?" என்றாள் தங்கம்.

"மொதலாளி பொண்ணு."

"ஓகோ. வேலய புடுங்கிட்டு துக்கம் விசாரிக்க வந்துகீதா? மீன் வாங்கறதுன்னா நில்லு. இல்லாங்காட்டி வெளிச்சத்த மறைக்காத, யாவாரம் கெடும்."

ஸ்வர்ணலதா நகர்ந்து நின்றாள். "அக்கா, எனக்குத் தெரியாம நடந்துபோச்சு. அம்மாகிட்ட நான் பேசறேன்."

"இன்னா பேசுவ?" பொன்மணி இறால் தோலை எறிந்தாள். "கையெழுத்து வாங்கும்போது இன்னா சொன்ன நீ? 'உங்க பேரு வெளிய வராதுக்கா, பயப்படாதீங்க'ன்ன. சொன்னியா இல்லியா?"

"பேர் வரலக்கா."

"வேல போச்சே."

ஸ்வர்ணலதா கைப்பையின் வாரைத் திருகினாள்.

"இத கேளு. உங்கம்மா அத சொன்னது புதன்கெழம. எனக்கு அர்த்தம் தெரிஞ்சது வெள்ளிக்கெழம. நடுவுல ரெண்டு நாளு நான் சும்மா சிரிச்சிக்கினு கீறேன். ஏதோ அவங்க ஊரு பேச்சு, மெதுவா வேல செய்யுறவள சொல்றாங்க போலன்னு. செங்கோட்டப் பொண்ணு ஒண்ணு கீதே, அதுதான் சாப்ட உக்காந்தப்போ அர்த்தம் சொல்லுச்சு. அப்டியே சோத்த மூடி வெச்சேன். அத உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன். நீ படிச்சவ, எழுதுவன்னு."

"இப்ப எடுத்துட்டேன்க்கா. பாருங்க." ஸ்வர்ணலதா அவசரமாகப் போனைத் திறந்து நீட்டினாள். ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. "அந்த வார்த்தையே இல்ல. நாளைக்கு யாரும் படிக்க மாட்டாங்க. நீங்க பயப்பட வேண்டாம்."

பொன்மணி கையைத் துண்டில் துடைத்தாள். போனை வாங்கவில்லை. அப்படியே எட்டிப் பார்த்தாள். பத்தாவது வரை படித்தவள். நிதானமாகப் படித்தாள்.

"இன்னா இது, ஈ மொய்ச்ச மாரி?"

"புள்ளி வெச்சிருக்கேன்."

"அப்ப என்ன இன்னான்னு சொன்னாங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

"உங்களுக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னுதான்..."

"எனக்கு இன்னா அசிங்கம்? அறுதலின்னு சொன்னது நானா?" பொன்மணி சத்தமாகத்தான் சொன்னாள். பக்கத்துக் கடைக்காரி திரும்பினாள். "நான் வாங்குனவ. எங்கூட்டுக்காரன் செத்தான், அத ஊரே பாத்துது. அதுல எனக்கு இன்னா மறைக்க கீது? அந்த வார்த்தைய நான் குடுத்தேன், உன் பொஸ்தகம் ரொம்பிச்சு. பட்டம் உனுக்கு. மெச்சிக்கினது உன்ன. எனக்கு மூணு புள்ளி."

தங்கம் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"யாரு சொன்னதா போட்டுக்கீற?" பொன்மணி மறுபடி திரையைப் பார்த்தாள். ஸ்வர்ணலதா போனை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பொன்மணி ஈரக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "உரி... மையாளர். ஆண். ஆணா? அண்ணாச்சியா?"

"அக்கா..."

"அந்தாளு சனியன்னுவாரு. மத்தியானம் டீ சொல்லுவாரு. இத அவரு சொல்லவே இல்லியே. அம்மா சொன்னாங்கன்னு உன் டேப்புல நான் எவ்ளோ தெளிவா சொன்னேன்? ரெண்டு தபா கேட்டியே. யாரு, அம்மாவான்னு கேட்டியே."

"அம்மா பேர் வெளிய வந்தா கடையில..."

"என் பேர மறைன்னு நான் கேட்டேன், மறச்ச. அவங்க பேர மறைக்க யாரு கேட்டா?" பொன்மணி பலகைக்கு அடியிலிருந்து ஒரு துணிக்கடைப் பையை இழுத்துப் போட்டாள். சிவப்பு எழுத்தில் "சுந்தரவல்லி" என்று அகலமாக அச்சடித்திருந்தது. "இந்தா. அவங்களே மறைக்கலியே. எம்மாம் பெருசா போட்டுகீறாங்க பாரு. தி. நகர் முச்சூடும் இந்தப் பையதான் தூக்கிக்கினு சுத்துது."

ஸ்வர்ணலதா பையைப் பார்த்தாள். காலையில் பேராசிரியரிடம் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. புண், டாக்டர், தரவு. சொல்லை மறைக்கக் கூடாது என்று அப்படிச் சண்டை போட்டவள், சொன்ன வாயை ஒரு வருடத்துக்கு முன்பே மறைத்துவிட்டிருந்தாள். அவளுடைய முதல் புள்ளி அதுதான்.

பைக்குள் கிளிப்பச்சைப் புடவை இருந்தது. அதற்கு மேலே மஞ்சள் மூலை வைத்த அழைப்பிதழ். பொன்மணி அதை எடுத்தாள்.

"இத உங்கப்பா கையால குடுத்தாரு. தாம்பாளத்துல வெச்சி. பொது வாய்மொழித் தேர்வுன்னு போட்டுகீது. பொதுன்னா இன்னா?"

"யார் வேணா வரலாம்."

"வேல போனவளும்?"

"வரலாம்."

"வந்து? சோறு துன்னுட்டு போறதா?"

ஸ்வர்ணலதா பொய் சொல்லலாம். பொன்மணிக்கு இந்த விவகாரமெல்லாம் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம் என்று சொன்னால் நம்பிவிடுவாள். ஐந்து வருட உழைப்பு, அப்பாவின் இரண்டு வேன், அம்மா, ஒரு "சமத்து", எல்லாம் அந்த ஒரு பொய்யில் பத்திரமாக இருக்கும்.

"கேள்வி கேக்கலாம். தேர்வாளர் கேட்டு முடிச்சதும் அங்க உட்கார்ந்திருக்கிற யார் வேணா கேக்கலாம்" என்றாள்.

"யாரு வேணாவா?"

"ஆமா."

"நானு?"

"நீங்களும்."

பொன்மணி அழைப்பிதழை இன்னொரு தடவை படித்தாள். தங்கம் ஒரு வாடிக்கையாளருக்குச் சங்கரா மீனை நிறுத்துக்கொண்டே காதை இங்கே வைத்திருந்தாள்.

"கேட்டா நீ பதில் சொல்லித்தான் ஆவணுமா? இல்ல அதுக்கும் புள்ளி வெச்சிக்கலாமா?"

"சொல்லித்தான் ஆகணும்."

"எல்லார் முன்னாலயும்?"

"எல்லார் முன்னாலயும்."

ஸ்வர்ணலதாவின் போன் அடித்தது. "அம்மா" என்று திரையில் வந்தது. அவள் எடுக்கவில்லை. பொன்மணியும் அந்தப் பெயரைப் பார்த்தாள்.

"புடவய கேக்குறாங்களா இருக்கும். சாயந்தரத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்னாங்க."

எழுந்தாள். தண்ணீர்க் குடத்தில் கையைக் கழுவினாள். இரண்டு தடவை சோப்புப் போட்டாள். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டுப் புடவையைப் பையிலிருந்து எடுத்து உதறினாள். மடிப்பு கலையாமல் முந்தியை மட்டும் பிரித்து, கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல நைட்டி மேலேயே தோளில் போட்டு, கழுத்தை நிமிர்த்தி நின்றாள்.

"எப்டி கீது?" என்றாள்.

ஸ்வர்ணலதாவின் கையில் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

"பத்து மணிதான? கட்டிக்கினு வரேன்."